காஞ்சிப் பட்டு: நெய்தலும் உடுத்தலும் காத்தலும்



காஞ்சிப் பட்டுச் சேலையைக் குறித்துப் பேசவேண்டும் என்று இம்மன்றத்தார் எனக்குக் கட்டளையிட்டார்கள். வேதாந்தமும் இலக்கியமும் அரசியலும் முழங்கிய மேடையில் புடவையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தங்களுக்குள் புன்னகை செய்துகொண்டவர்களும் இச்சபையில் இருக்கக்கூடும். புன்னகை செய்யட்டும். ஆனால் அவர்களை நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். நம்முடைய வீடுகளில் கல்யாணம் நிச்சயமானதும் முதலில் புறப்படும் பிரயாணம் எது? ஜவுளி எடுக்கப் போகும் பிரயாணம். அந்த ஜவுளியில் முதலில் கைவைக்கும் பொருள் எது? முகூர்த்தப் புடவை. குடும்பத்தின் மகிழ்ச்சிக்கெல்லாம் சாட்சியாக நிற்கும் ஒரு பொருளைப் பற்றி ஒரு மாலைப்பொழுது பேசுவது மிகையாகாது என்றே கருதுகிறேன்.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றே. ஒரு சேலை எவ்வாறு நெய்யப்பட்டது என்பதை அறிந்துகொண்டவருக்கு, அதை எவ்வாறு உடுத்துவது, எவ்வாறு காப்பது என்பதை வேறொருவர் தனியே உபதேசிக்க வேண்டியதில்லை. நெசவை அறிந்தால் மற்றவை தாமே விளங்கும். ஆகவே முதலில் தறியடிக்குப் போவோம். பிறகு நிலைக்கண்ணாடியின் முன் நிற்போம். கடைசியில் பீரோவைத் திறந்து பார்ப்போம்.

பட்டு நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தில் பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நெய்யவல்ல காருகர் வாழ்ந்தார்கள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதே பட்டினத்து மகளிர் இரவு வந்ததும் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்திக்கொண்டார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. இந்தச் சிறு செய்தியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். பட்டுக்கு ஒரு வேளை உண்டு, அந்த வேளை முடிந்ததும் அதற்கு ஓய்வு உண்டு என்ற ஞானம் அந்தப் பழங்காலத்துப் பெண்களுக்கு இருந்திருக்கிறது. இன்று விருந்துக்கு உடுத்திய பட்டோடு பந்தி பரிமாறி, பிள்ளைக்குச் சோறூட்டி, அதே கோலத்தில் மோட்டார் வண்டியில் உறங்கி வீடு சேரும் நமக்கு அந்த ஞானம் இருக்கிறதா?

சரி, தறியடிக்குப் போவோம். காஞ்சிப் பட்டு என்று பெயர் பெற்றிருந்தாலும், அந்தச் சேலைக்குள் மூன்று நாட்டுப் பொருளும் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்ந்த புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருகிறது. ராமநகரத்துக் கூட்டுச் சந்தையின் பெயரைப் பட்டு வியாபாரத்தில் பரிச்சயமுள்ள எவரும் அறிவர். ஜரிகை, கூர்ஜரத்துச் சூரத்து நகரத்தின் கைத்திறன். இவ்விரண்டையும் சேர்த்து உயிர் கொடுப்பது தொண்டைநாட்டுக் காஞ்சியின் தறி. சாலியரும் தேவாங்கரும் செங்குந்தரும் பட்டுநூல்காரரும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில் இது.

கூட்டிலிருந்து உரித்த இழையின் மீது இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கும். அந்தப் பசை இருக்கும்வரை பட்டு முரடாகவும் மங்கலாகவும் தோன்றும். வெந்நீரில் இட்டு அவித்து, பசையை நீக்கிய பிறகே அதன் மினுமினுப்பு வெளிப்படும். பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, சாயத் தொட்டியில் தோய்த்து, நிழலில் உலர்த்தியான பின்பு, சேலையின் நீளவாட்டு இழைகளை அமைக்கும் பாவு போடும் வேலை தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்கு முன்னே, விடியற்காலையில், தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்து, கணவனும் மனைவியும் அண்டை வீட்டாரும் கூடி நடந்து நடந்து செய்யும் அந்த வேலையைப் பார்த்தவர்கள், பட்டுச் சேலையின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்கள். மழை வந்தால் அந்த வேலை நின்றுபோகும். ஒரு பாவில் பொதுவாக இரண்டு மூன்று சேலைகள் வரும்.

பிறகு தறி. குழியில் கால்களை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நூல் அடங்கிய நாடாவை இப்பக்கமும் அப்பக்கமும் ஓட்டி, குறுக்கே விழும் ஒவ்வோர் ஊடையையும் பலகையால் அடித்து இறுக்கி நெய்கிறார் நெசவாளர். சாதாரணச் சேலையானால் ஒரு நாடா போதும். ஆனால் காஞ்சியின் பெருமை கோர்வைச் சேலையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இருபுறக் கரைக்கும் இரண்டு நாடா, உடலுக்கு ஒரு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இதை ஒருவர் தனியே செய்ய இயலாது. நெசவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுகரையின் நாடாவை வாங்கி விடுவதற்கு இன்னொருவர் வேண்டும். இப்படிக் கோத்து நெய்த சேலை காலத்தால் நைந்து கிழிந்தாலும், கரையும் உடலும் மட்டும் பிரியாது என்று நெசவாளர்கள் சொல்லுவார்கள்.

அந்த இன்னொருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. முற்காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தவன் பெரும்பாலும் ஒரு சிறுவன். பள்ளிக்கூடத்துப் பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை. அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்குப் போகிறான். போகட்டும், அதுவே தர்மம். ஆனால் அவன் விட்டுப்போன இடத்தில் முழுக் கூலி கொடுத்து ஒரு பெரியவரை அமர்த்த வேண்டுமானால், அந்தக் கூலி சேலையின் விலையில் ஏறத்தான் செய்யும். கோர்வை வேண்டும், குழந்தை உழைப்பு வேண்டாம், விலையும் ஏறக்கூடாது என்று மூன்றையும் ஒருசேரக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

முந்தானைக்கு வருவோம். உடலின் நிறத்திலிருந்து முந்தானையின் நிறத்துக்கு மாறும் இடத்தில், பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக வேற்று நிறத்துப் பாவு இழையோடு கையால் முறுக்கி இணைக்கிறார்கள். இதைப் பெட்னி என்பார்கள். இணைப்பு விழுந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினால் ஒரு மெல்லிய மேடு தட்டுப்படும். அந்த மேட்டைக் குற்றம் என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டையிட்ட வாடிக்கைக்காரர்களும் உண்டு. அது குற்றமன்று, மனிதக் கை பட்டது என்பதற்கு நற்சான்று. இத்தனையும் கூடி ஒரு சேலை தறியிலிருந்து இறங்குவதற்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும், வேலைப்பாடு மிகுந்தால் அதற்கு மேலும் ஆகும்.

ஜரிகையையும் பார்த்துவிடுவோம். ஜரிகை முழுவதும் தங்கம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. உண்மை வேறு. நடுவில் சிவப்புச் சாயமிட்ட பட்டிழை. அதைச் சுற்றித் தட்டையாக இழுத்த வெள்ளிக் கம்பி. அதன்மேல் தங்க முலாம். எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தங்கம்தான் அத்தனை பிரகாசத்தையும் தருகிறது. ஆகையால் ஒரு ஜரிகை நூலை உருவிப் பிரித்துப் பார்த்து, உள்ளே சிவந்த பட்டு இருக்கிறதா என்று கவனிப்பது பழைய பரீட்சை. பட்டுக்கும் ஒரு பரீட்சை உண்டு. ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்தினால் தலைமயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்துவிடும். செயற்கை நூலோ உருகிக் கட்டியாகும். இவற்றையெல்லாம் கடையில் நின்று செய்ய முடியாதவர்களுக்கு, 2004ஆம் ஆண்டில் தோன்றிய பட்டு முத்திரையும், 2005ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் துணையாக இருக்கின்றன.

பொருளைப் பார்த்தோம். இனி அதன் அழகைப் பாருங்கள். கோயில் கோபுரம் கரையில் ஏறி நிற்கிறது; யாளியும் அன்னமும் மயிலும் முந்தானையில் உலாவுகின்றன; ருத்திராட்சமும் மல்லிகை மொக்கும் மாங்காயும் கொடியும் வரிசை தப்பாமல் ஓடுகின்றன. பாலும் பழமும் என்று ஒரு கட்டம், வைரஊசி என்று ஒரு கோடு, மயில்கண் என்று ஒரு புள்ளி, தாழம்பூ ரேக்கு என்று ஒரு கரை. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் இட்டு நெய்தால் அசையும்போதெல்லாம் வண்ணம் மாறும். அப்படிப் பிறந்ததே மயில்கழுத்து நிறம். அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, வெங்காயத்தோல் என்று நிறங்களுக்குப் பெயரிட்ட நம்மவர்கள், 1966ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் பாடிய எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் பெயரையும் ஒரு நீலத்துக்குச் சூட்டிவிட்டார்கள். நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், தாம் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் 1937ஆம் ஆண்டு நெசவுப் பகுதியைத் தொடங்கி, மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடி எடுத்து மீண்டும் நெய்யச் செய்தார். ஜரிகை குறைந்தாலும் கரையின் அகலமும் நிறத்தின் கம்பீரமும் சேலையைத் தாங்கி நிறுத்தும் என்று அவர் காட்டிய வழி இன்றும் ஒரு பாணியாக விளங்குகிறது.

தாய்மார்களே, இப்போது நிலைக்கண்ணாடிக்கு முன் வந்து நிற்போம். உடுத்தும் கலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆயினும் தறியடியில் கண்டதைக் கண்ணாடி முன் எவ்வாறு நினைவுகூர்வது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

காஞ்சிப் பட்டு கனமானது. அரைக் கிலோவுக்கு மேலும் நிறுக்கும், ஜரிகை மிகுந்தால் ஒரு கிலோவை எட்டும். அந்தக் கனத்தைத் தாங்குவது இடுப்பில் கட்டிய பாவாடையின் நாடா. வழுக்கும் துணியில் பாவாடை அணிந்து, நாடாவைத் தளர்த்தி முடிந்து, பிறகு சேலை நழுவுகிறது என்று இருபது ஊக்குகளைக் குத்துவதால் என்ன பிரயோஜனம்? நல்ல பருத்திப் பாவாடை, இறுக்கமான முடிச்சு, தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரே மட்டத்தில் அமைந்த முதற்சுற்று, இவை மூன்றும் இருந்தால் சேலை தானே நிற்கும். புதுச் சேலை விறைப்பாக இருக்கும். அதை முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு பிரித்தால் அது நம் பேச்சைக் கேளாது. முதல் நாளே பிரித்து, காற்றாட விட்டு, கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் பிடித்து வைத்தால், மறுநாள் அது உடலோடு இசைந்து வரும்.

கொசுவம் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது கரை. கரையும் உடலும் சேருமிடத்தில் ஓடும் கோர்வைக் கோடு ஒவ்வொரு மடிப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், மறுகரையின் நாடாவை ஓட்டிய அந்த இரண்டாம் ஆளின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும். மடிப்புகள் ஏறியும் இறங்கியும் விழுந்தால் அத்தனை சாமர்த்தியமும் மறைந்துவிடும். கனமான பட்டுக்கு ஐந்து கொசுவமோ ஆறு கொசுவமோ போதும். முந்தானையைச் சிறு சிறு மடிப்பாக்கித் தோளில் குத்துவது வேலை செய்யும் பெண்ணுக்குச் சௌகரியம். ஆனால் முந்தானையில் நெசவாளர் ஒரு சித்திரத்தையே எழுதியிருக்கும்போது, சபையில் வீற்றிருக்கும் நேரத்திலாவது அதை விரித்து விடுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ஆறு கஜத்துக்கு ஒரு கட்டு, ஒன்பது கஜத்து மடிசாருக்கு ஒரு கட்டு, நம் கிராமத்துப் பெண்கள் கட்டும் பின்கொசுவத்துக்கு ஒரு கட்டு என்று முறைகள் பலவாயினும், கரை தெரியவேண்டும், நடை தடைபடக்கூடாது என்ற இரண்டு விதிகள் எல்லாவற்றுக்கும் பொது.

அலங்காரத்தில் எது பிரதானம்? சேலையா, நகையா, ரவிக்கையா? மூன்றும் ஒரே சமயத்தில் பிரதானமாக முயன்றால் மூன்றும் தோற்கும். முந்தானை முழுவதும் ஜரிகை நிறைந்த சேலைக்கு, கரையின் நிறத்தில் வேலைப்பாடற்ற ரவிக்கையும் ஒற்றைச் சங்கிலியும் போதும். ஜரிகை அடங்கிய சேலையானால் அட்டிகையும் ஜிமிக்கியும் அதற்குத் துணை நிற்கும். ஒட்டியாணமும் முனை கூரான வளையலும் மெட்டியும் பட்டிழையைப் பிடித்து இழுக்கவல்லவை என்பதை மறக்கவேண்டாம். அணிவதற்கு முன் அவற்றின் ஓரத்தை ஒரு பழந்துணியில் உரசிப் பாருங்கள். ஊக்குக் குத்தினால் ஒற்றை அடுக்குத் துணியில் குத்தாமல், பல மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்துக் குத்துங்கள். ஜரிகையின் மீது குத்தவே குத்தாதீர்கள். வாசனைத் தைலம் தெளிப்பதானால் சேலை உடுத்துவதற்கு முன்பே தெளித்து உலரவிடுங்கள்.

உடுத்துவதற்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. கரையின் அடியோரம் தரையில் உரசித் தேய்வதைத் தடுக்க உட்புறம் ஒரு பட்டியைத் தைக்கிறோம். பால்ஸ் என்று எல்லோரும் சொல்லுகிறோம். அந்தப் பருத்திப் பட்டியை முதலில் நீரில் நனைத்து, சுருங்கவிட்டு, உலர்த்திய பிறகே தைக்கவேண்டும். நனைக்காமல் தைத்தால், பின்னொரு நாள் ஈரம் பட்டதும் பட்டி சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. கரை முழுவதும் சுருக்கம் விழுந்து நெளிந்து நிற்கும். முந்தானையின் விளிம்பில் தொங்கும் பாவு இழைகளையும் வெட்டி எறியாமல் முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டிவிட வேண்டும். அழகுக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கடைசி ஊடை அவிழ்ந்துவிடாமல் காவல் நிற்பது அந்தக் குஞ்சம்.

விழா முடிந்தது. பந்தி முடிந்தது. வீடு வந்து சேர்ந்தோம். சேலையைக் காக்கும் கடமை அந்த நிமிஷத்தில் தொடங்குகிறது. களைந்த சேலையை அப்படியே மடித்து அலமாரியில் திணிப்பதைப் போன்ற துரோகம் வேறில்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது. ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. ஈரத்தோடும் உப்போடும் அடைபட்ட வெள்ளி, பூஜையறையில் துடைக்காமல் விட்ட குத்துவிளக்கு கறுப்பதைப்போலக் கறுத்துவிடும். ஆகவே நிழலில், காற்றோட்டமான அறையில், சில மணி நேரம் விரித்துப் போடுங்கள். வெயிலில் போடாதீர்கள். சூரிய வெளிச்சம் சாயத்தையும் வெளுக்கும், பட்டிழையையும் பலமிழக்கச் செய்யும். சாயம் தோய்த்தவரே நிழலில்தான் உலர்த்தினார் என்பதை நினைவில் வையுங்கள்.

கல்யாண வீட்டில் கறைக்குப் பஞ்சமா? சந்தனம், குங்குமம், பந்தியில் ரசம், தாம்பூலத்தின் சிவப்பு, ஹோமத்து நெய் என எல்லாம் பட்டை நாடியே வரும். கறை பட்டதும் பதறித் தண்ணீரைத் தொட்டுத் தேய்ப்பதுதான் நாம் செய்யும் முதல் அபாயம். தேய்த்தால் மெல்லிய இழைகள் அறுந்து, கறை போனாலும் அந்த இடம் நிரந்தரமாக மங்கிவிடும். வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெயோ நெய்யோ ஆனால் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிச் சிறிது நேரம் விட்டு, மெல்லத் தட்டிவிடுங்கள். எஞ்சியதைத் தேர்ந்த சலவைக்காரரிடம் தாமதமின்றிக் கொடுத்து, இன்ன கறை என்று வாய்திறந்து சொல்லுங்கள். வைத்தியரிடம் நோயை மறைக்காத நாம் சலவைக்காரரிடம் மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

துவைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். பட்டு ஒரு ஜீவனின் உடலிலிருந்து வந்தது. நம் தலைமயிரைப் போலவே புரதத்தால் ஆனது. சலவைச் சோடாவும் காரம் மிகுந்த சோப்பும் அதைத் தின்றுவிடும். வெளுக்கும் திராவகமோ அழித்தேவிடும். கோர்வைச் சேலையில் இன்னொரு விபரீதமும் உண்டு. கரையின் சிவப்பு உடலின் மஞ்சளில் இறங்கிவிட்டால் அதை மீட்க எவராலும் ஆகாது. ஆதலால் ஜரிகையும் இரு நிறமும் உள்ள சேலையை உலர்சலவைக்குக் கொடுப்பதே உத்தமம். ஜரிகையற்ற ஒற்றை நிறப் பட்டை வீட்டில் அலசலாம்: மூலையில் ஈரத்துணியால் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று முதலில் பார்த்து, குளிர்ந்த நீரில் பூந்திக்கொட்டைச் சாற்றைக் கலந்து, ஊறவைக்காமல் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை வாங்கி, நிழலில் உலர்த்தவேண்டும். இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில், சேலையின் உட்புறத்தில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து ஓட்டவேண்டும். ஜரிகையின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் சலவை செய்வதும் வேண்டாம். காற்றாட விடுவதே பெரும்பாலும் போதும்.

இனி பீரோவைத் திறப்போம். திறந்ததும் என்ன காண்கிறோம்? கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் மூச்சடைத்துக் கிடக்கும் சேலைகள். அவற்றின் மடிப்பிலேயே உருளும் நாப்தலீன் உருண்டைகள். அடியில் விரித்த பழைய பத்திரிகைத் தாள். இவை மூன்றும் நாம் பாதுகாப்பென்று நம்பிச் செய்யும் தீங்குகள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளே பூட்டும். உருண்டை ஜரிகையைத் தொட்டால் அதன் நிறம் கெடும். பத்திரிகைத் தாளின் மை துணியில் ஒட்டும். இவற்றுக்குப் பதிலாக, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு சேலைக்கும் உறையாக்குங்கள். பூச்சிக்கு அஞ்சினால், நன்கு உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ சிறு துணி முடிச்சாகக் கட்டி, சேலையைத் தொடாமல் அலமாரியின் மூலையில் வையுங்கள். கனத்த பட்டைக் கம்பி மாட்டியில் தொங்கவிடாதீர்கள். தன் பாரத்தாலேயே அது இழுபட்டுத் தொய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மடிப்பு. ஜரிகை உலோகம். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்காக மடிந்து கிடக்கும் உலோகம் ஒரு நாள் ஒடியும். பாட்டியின் சேலையை ஆசையோடு பிரிக்கும்போது மடிப்புத்தோறும் நேர்கோடாகக் கிழிந்துவருவதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! அது வயோதிகத்தால் வந்த கேடு என்கிறோம்; மாற்றி மடிக்காத நம் சோம்பலால் வந்த கேடு அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பிரித்து, பழைய கோடு விழுந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் மடியுங்கள். குறிப்பாக ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் அடங்கிய பின், தை மாதத்தில் ஒரு நாள் எல்லாச் சேலைகளையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவதை வீட்டுச் சம்பிரதாயமாகவே ஆக்கிக்கொள்ளலாம்.

பழைய பட்டுப் புடவைக்குப் பணம் என்று தெருவில் கூவிக்கொண்டு போகும் வியாபாரியை நீங்கள் அறிவீர்கள். அவர் சேலையை வாங்குவது யாருக்கும் உடுத்தக் கொடுப்பதற்கன்று, கொளுத்துவதற்கு. துணி எரிந்துபோகும், ஜரிகையின் வெள்ளியும் தங்கமும் எஞ்சும், அவை உருக்கி விற்கப்படும். நம் பாட்டிமாரின் யாளிகளும் அன்னங்களும் இப்படி எத்தனை நெருப்புக்கு இரையாயினவோ! கிழிந்த சேலைக்கு வேறு கதியே இல்லையா? உண்டு. நன்றாயிருக்கும் பகுதியை வெட்டிப் பேத்திக்குப் பட்டுப்பாவாடை தைத்தார்கள் நம் முன்னோர். இடையில் மடிப்புப் பிடித்துத் தைத்து, அவள் வளர வளர ஆண்டுதோறும் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தில் இருந்த அறிவை நாம் ஏன் இழக்கவேண்டும்?

பட்டை அடியோடு மறுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஒரு சேலைக்காக ஆயிரக்கணக்கான கூடுகள் கொதிநீரில் இடப்படுகின்றன. பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியிலேயே பீடம் கொண்டிருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், இந்த ஜீவஹிம்சையைக் கருதிப் பட்டைத் துறக்கும்படி உபதேசித்தார். அந்த உபதேசத்தை ஏற்பவர்களை நான் வணங்குகிறேன். ஏற்க இயலாதவர்களுக்கு ஒரு கடமையாவது இருக்கிறது. இத்தனை உயிர்களும் இத்தனை கைகளும் கொடுத்த பொருளை ஒருமுறை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டு மூலையில் எறிவது பாவத்தின்மேல் பாவம். சிலவற்றை வாங்கி, பல காலம் உடுத்துவதே அவர்களால் ஆகக்கூடிய பிராயச்சித்தம்.

நெசவாளரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா, 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் வாடியபோது, தம் தோழர்களோடு துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். 1985ஆம் ஆண்டில் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் பிறந்தது. 2015ஆம் ஆண்டிலிருந்து ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. தலைவர்கள் சுமந்தார்கள், அரசு சட்டம் செய்தது, நாளும் குறித்தாயிற்று. இவ்வளவும் இருந்தும், நெசவாளரின் மகன் தறிக்குழியில் இறங்க மறுக்கிறான் என்றால், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேற்றுமை தெரியாமல் விலை குறைந்ததையே நாடும் நம்முடைய அறியாமைக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே, அன்பர்களே, என் விண்ணப்பம் இதுவே. அடுத்த முறை பட்டு எடுக்கப் போகும்போது, கரையும் உடலும் சேருமிடத்தைத் திருப்பிப் பாருங்கள், இது கோர்வையா என்று கேளுங்கள், முத்திரையைக் கேளுங்கள், இயன்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்குங்கள். வாங்கியதைப் பூட்டி வைக்காமல் உடுத்துங்கள். உடுத்தியதை இன்று சொன்ன முறைப்படி காத்து வையுங்கள். காக்கும் முறையை உங்கள் பெண்ணுக்கு மட்டும் சொல்லாமல் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். இந்த வாரத்துக்குள் பீரோவிலிருந்து ஒரு சேலையையாவது எடுத்து, பிளாஸ்டிக் உறையை நீக்கி, மடிப்பை மாற்றி வைப்பீர்களானால், நான் பேசியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.